வடக்கே போகிறவர்களுக்குப் பன்னிரண்டு சந்தோஷங்கள்

1

போன சனிக்கிழமை எங்கள் பழைய காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் முன்சீட்டுக்கு எதிரே உள்ள சின்ன அறையைக் காலி செய்தேன். ஒரு பக்கம் உடைந்த குளிர்க்கண்ணாடி, எழுதாத பேனா, பாதி தீர்ந்த கொசு மருந்துக் குப்பி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கையேடு கிடந்தது. காரோட்டிகள் சங்கம் ஒன்று உறுப்பினர்களுக்கு இலவசமாக அனுப்பி வைத்தது அது. அட்டையில் ஒரு துருவமான், அதன் கீழே இந்தக் கட்டுரையின் தலைப்பு.

ஜெர்மனிக்காரர்கள் சந்தோஷத்துக்கும் வரிசை எண் போடுவார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். அனுபவித்து முடித்ததும் டிக் போட்டுக்கொள்ளலாம். இதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இப்படிப்பட்ட கையேடுகள்தான் எனக்கு நிம்மதி தருகின்றன. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று யாராவது அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதும், நான் செய்துவிடுவேன்.

பன்னிரண்டு கட்டங்களில் பதினொன்றில் என் மகள் மாலா பென்சிலால் டிக் போட்டிருக்கிறாள். ஏழாவது கட்டம் மட்டும் காலி. வாத்தியார் ஹாரனை அடித்துப் பார்த்தார். நான் கையேட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

2

ஊரிலிருந்து வரும் கடிதங்களில், "லீவு விட்டால் அங்கே என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டு எழுதுகிறார்கள். லீவு விடாதபோது செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பதினேழு வருடமாக இருக்கிறேன். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மின்கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். மத்தியானம் கேன்டீனில் உருளைக்கிழங்கு. மாலையில் அதே சைக்கிள், அதே பாதை. என் மனைவி ரெனாட்டே இந்த ஊர்க்காரி, மருந்துக்கடையில் வேலை. மாலா எங்களுக்கு ஒரே மகள், இப்போது பதினைந்து வயது. வீட்டில் ஜெர்மன் பேசுகிறோம். தமிழில் நான் எண்கள் மட்டும் எண்ணுகிறேன். அதுவும் மனதுக்குள்.

கையேட்டில் டிக் விழுந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய கோடையில். அப்போது மாலாவுக்குப் பதின்மூன்று. அந்த வருடம் அவள் வகுப்பில் எல்லோரும் மூன்று நாள் பிரான்சுக்குப் போனார்கள். இவள் போகவில்லை. காரணம் நான்தான். அவளுக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை. என் இந்தியப் பாஸ்போர்ட்டில் 'பிள்ளைகள்' என்ற பக்கத்தில் அவள் பெயரும் ஒரு ஸ்டாம்பு அளவுப் படமும் இருந்தன. நான் கூடப் போனால்தான் அவள் எல்லையைத் தாண்டலாம். தனியாக ஒன்று எடுக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர எடுக்கவில்லை.

பஸ் கிளம்பிய காலை அவள் சமையலறையில் நின்று ஜெர்மனில் கேட்டாள்: "அப்பா, நான் உங்கள் பெட்டியா? நீங்கள் தூக்கிக்கொண்டு போகிற இடத்துக்குத்தான் நான் போகலாமா?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இங்கே சட்டம் மாறியிருந்தது. அதுவரை ஜெர்மன் தாய்க்குப் பிறந்தாலும் அப்பா வெளிநாட்டுக்காரர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டுக்காரிதான். இனி அப்படி இல்லை என்றார்கள். முன்பே பிறந்த பிள்ளைகளுக்காகத் தாயும் தகப்பனும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை ஜெர்மன் பிரஜை ஆகிவிடும். அந்த வருடக் கடைசி வரை கெடு. ரெனாட்டே படிவத்தை வாங்கி வந்து, நிரப்பி, தன் கையெழுத்தைப் போட்டு, மேஜைமேல் வைத்தாள். அது ஏப்ரல் மாதம். ஜூலை வரை அது மேஜைமேலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் நான் காப்பி குடித்தேன்.

கையெழுத்துப் போட்டால் அவள் பெயரை என் பாஸ்போர்ட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி. ஆனால் இந்த ஊரில் என்னைச் சேர்ந்தது என்று காகிதத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

ரெனாட்டே சண்டை போடவில்லை. "நீங்கள் இரண்டு பேரும் வடக்கே போய்விட்டு வாருங்கள். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், நான் வர முடியாது. திரும்பி வந்ததும் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்" என்றாள். படிவத்தை உறையில் போட்டுக் காரில் கையேட்டின் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

3

எர்லாங்கனிலிருந்து வடக்கே ஏறினால் முதலில் கப்பலில் காரை ஏற்றி டென்மார்க், பிறகு இன்னொரு கப்பல், பிறகு ஸ்வீடன். ஸ்வீடன் முடிவதே இல்லை. ஒரு பகல் முழுக்க ஓட்டினாலும் இரண்டு பக்கமும் ஊசியிலை மரம், நடுநடுவே ஏரி, மறுபடி மரம். நான்காவது நாள் மரங்கள் குட்டையாகிவிட்டன. எதிரே கார் வந்தால் ஓட்டுகிறவர் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். மனித முகத்தைக் கண்ட சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான்.

முதல் சந்தோஷம், துருவ வட்டக் கோட்டில் ஆளுக்கொரு கால் வைத்துப் படம் எடுப்பது. எடுத்தோம். இரண்டாவது, துருவமான்கள் சாலையைக் கடக்கும்வரை காத்திருப்பது. அவை கடக்கவில்லை, சாலையிலேயே நின்றுகொண்டன. நம் ஊரில் சந்தைப்பேட்டை வாசலில் மாடு நிற்குமே, அதே அலட்சியம். மாலா சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. மூன்றாவது, ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்பது. நான் கொதிக்க வைக்காமல் குடிக்கமாட்டேன் என்றேன். அவள் எனக்கும் சேர்த்துக் குடித்துவிட்டு டிக் போட்டாள்.

நான்காவது, மீன் பிடித்துக் கரையிலேயே பொரித்துத் தின்பது. பெட்டிக்கடை மாதிரி ஒரு கடையில் மீன்பிடி அனுமதிச் சீட்டு விற்றார்கள். பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லியும் நான் இரண்டு சீட்டு வாங்கினேன். இரண்டையும் சட்டைப் பையில் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்க ஒரு ஈ காக்கை வரவில்லை. மீனும் வரவில்லை. கடைசியில் மாலாவின் தூண்டிலில் ஒரு விரல் நீள மீன் மாட்டியது. ஆளுக்கொரு வாய்.

ஐந்தாவதுதான் என்னைச் சோதித்துவிட்டது. சதுப்பு நிலத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பழம் விளைகிறது. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், இந்த நாட்டில் அது எல்லோருக்கும் உள்ள உரிமை என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆனாலும் இன்னொருவன் மண்ணில் போய்க் கேட்காமல் எப்படிப் பறிப்பது? அரை மைல் நடந்து ஒரு சிவப்பு வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அம்மாளுக்கு ஜெர்மன் அரைகுறை. நான் கேட்டது புரிந்ததும் அவள் சிரித்துவிட்டு, உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். நாற்பது வருடமாக அங்கே இருக்கிறாளாம், பழம் பறிக்க அனுமதி கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். திரும்பி வந்து பார்த்தால் மாலா அதற்குள் ஒரு வாளி நிறையப் பறித்திருந்தாள்.

"அனுமதி கிடைத்ததா?" என்றாள்.

"கிடைத்தது."

"அப்பாடா" என்றாள் தமிழில். அவளிடம் உள்ள சில டஜன் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பதற்கில்லை. கொசுக்கடிக்கு நடுவிலும் இருந்தேன். ஆனால் காருக்குள் உட்காரும்போதெல்லாம் என் முழங்காலுக்கு எதிரே அந்த உறை இருந்தது.

4

ஏழாவது சந்தோஷம், ஓடை மணலைத் தட்டில் அலசித் தங்கம் தேடுவது. மாலா வீட்டிலிருந்தே இதற்காகத்தான் புறப்பட்டாள். எங்கள் பழைய பொரிக்கும் சட்டியைக்கூடக் கொண்டுவந்திருந்தாள். இடம் ஃபின்லாந்தில். ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவே ஒரு ஆறு. ஆற்றின்மேல் ஒரு பாலம். பாலத்தின் இந்த முனையில் பெட்டி மாதிரி ஒரு சாவடி. சீருடைக்காரர் ஒருவர் வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டு, வந்த வண்டிகளையெல்லாம் போ போ என்று கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் ஓரமாக நிறுத்தினேன். எந்த எல்லை வந்தாலும் பாஸ்போர்ட்டை எடுத்து ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். நம் பாஸ்போர்ட்டில் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று ஒரு பட்டியல் அடித்திருப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பயணத்துக்காகவே வசந்த காலத்தில் நம் தூதரகத்துக்கு எழுதிப் போட்டுப் புது நாடுகளைச் சேர்த்து வாங்கியிருந்தேன். டென்மார்க், ஸ்வீடன், நார்வே. நான் எழுதிக் கேட்ட மூன்றும் இருந்தன. ஃபின்லாந்து இல்லை. பள்ளிக்கூடத்துப் பூகோளத்தில் ஸ்காண்டிநேவியா என்றால் மூன்று நாடு என்று மனப்பாடம் செய்தவன், அந்த மூன்றையும் எழுதிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது.

இறங்கிப் போய்ச் சீருடைக்காரரிடம் பக்கத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்கள் உங்களைத் தடுக்கவில்லையே" என்றார்.

"நீங்கள் தடுக்கவில்லை. என் நாடு எனக்கு அனுமதி எழுதவில்லை."

"அது உங்களுக்கும் உங்கள் நாட்டுக்கும் உள்ள விஷயம். பாலம் திறந்திருக்கிறது." அவர் மறுபடி போ போ என்று கையசைத்தார்.

மாலா பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் சட்டி.

"அவரே போகச் சொல்கிறார்" என்றாள்.

"பாஸ்போர்ட்டில் இல்லை மாலா."

"உங்களை யார் பார்க்கிறார்கள்? சொல்லுங்கள். யார்?"

யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். என் அப்பா மதுரை ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. என்னை வழியனுப்ப வந்த அன்று, தினமும் தான் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஸ்டேஷனுக்குள் நுழைய, தன் கவுன்டரிலேயே வரிசையில் நின்று ஐந்து பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினார். உள்ளே இருந்தவர், "என்ன சார் நீங்க போய்" என்று சிரித்தார். வண்டி கிளம்பும் வரை அப்பா என் முகத்தைப் பார்த்ததைவிட, அந்த டிக்கெட்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பையைத் தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதன்பின் நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அவ்வளவும் தெரிந்தும் நான் காரைத் திருப்பினேன்.

கண்ணாடியில் பாலம் சின்னதாகிக்கொண்டே போனதை மாலா திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். அழவில்லை. "நான் பெட்டி இல்லை" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு, கூடாரம், பல் தேய்ப்பது எல்லாம் நடந்தன. கையேட்டைத் தொடவில்லை. அந்தப் பெரிய காட்டில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு அடுப்பு. அப்படி ஒரு தனிமையை நான் இங்கே வந்த முதல் வருடத்தில்கூட உணர்ந்ததில்லை. அன்றைக்கு யாரையும் எனக்குத் தெரியாது. இப்போது என் மகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

5

மூன்றாம் நாள் காலை அவளே கையேட்டை எடுத்தாள். எட்டாவது, சிறு படகில் ஏரியைக் கடப்பது. "வருகிறீர்களா?" என்று கேட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது. வருகிறேன் என்றேன்.

படகு கொடுத்தவர் விதியைச் சொன்னார். பின்னால் உட்காருகிறவர்தான் திருப்புவார். முன்னால் உட்காருகிறவர் துடுப்புப் போட்டால் போதும், திரும்பிப் பார்க்கக்கூடாது. எங்கள் இருவரையும் விசாரித்துவிட்டு, மாலாவைப் பின்னால் உட்காரச் சொன்னார். ஏனென்றால் பழக்கம் அவளுக்குத்தான் இருந்தது, பள்ளியில் கற்றிருந்தாள்.

விதி என்று சொன்னால் கேட்கிறவன்தான் நான். ஆனால் அந்த ஒரு விதியை என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. அவள் இருக்கிறாளா, விழுந்துவிட்டாளா என்று நொடிக்கொருமுறை திரும்பினேன். படகு தள்ளாடியது. ஏரியின் நடுவில் காற்று வேறு எழும்பியது. நான் மறுபடி திரும்பியபோது ஒரு பக்கமாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

"அப்பா! பின்னால பாக்காத! முன்னால பாரு!"

தமிழ். பதின்மூன்று வருடத்தில் அவள் என்னிடம் இரண்டு முழு வாக்கியம் தமிழில் சேர்ந்தாற்போல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவளிடம் பேசியதை வைத்துக் கற்ற தமிழ். அதனால் தமிழில் என்னையும் ஒருமையில்தான் கூப்பிடுவாள். நான் திருத்தியதில்லை.

நான் முன்னால் பார்த்தேன். துடுப்பைப் போட்டேன். "வலது! வலது! இப்ப நிறுத்து!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கரை வந்தது. அவள் இறங்கிப் படகை இழுத்து மணலில் ஏற்றி, எனக்குக் கை கொடுத்தாள்.

அன்று மாலை அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உறையைப் பிரித்தேன். காரின் மூக்கின்மேல் படிவத்தை வைத்து, ரெனாட்டேயின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பெரிய மனதோடு போட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மூன்று முறை ஆன பிறகுதான் போட்டேன். அவள் பார்த்துவிட்டாள். ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிற என் படத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா?"

"தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன்."

"கேளுங்கள்" என்றாள். பிறகு கையேட்டை எடுத்து எட்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். மிச்சமிருந்த நான்கையும் அடுத்த மூன்று நாளில் முடித்துவிட்டோம். ஏழாவதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

தூதரகத்தில் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயர், படம் இரண்டின்மேலும் ஒரு கோடு கிழித்து முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

6

கார்ல்ஸ்ரூஹேயில் சுலைமான் என்று ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்வார். நான் தமிழில் வாய்விட்டுப் பேசியது அந்த அரைமணி நேரம் மட்டுமே. பாலத்துக் கதையைச் சொன்னபோது அவர் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிஷம் ஆனது.

"அண்ணே, லீகலா நீங்க ஹண்ட்ரட் பர்சென்ட் கரெக்ட். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த சட்டியத் தூக்கிட்டு நின்ன புள்ள முகத்த நெனச்சா எனக்கே பேஜாரா இருக்கு. ஒரு ரெண்டு மணி நேரம் போயிட்டு வந்திருந்தா இந்தியா ஒண்ணும் கொறஞ்சு போயிருக்காதுண்ணே."

"தெரியும்யா."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பேசவில்லை. போன வருடம் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது நான் சைக்கிளைத் துடைக்கிறேன்.

அவர் போன அதே கோடையில் மாலாவும் மறுபடி வடக்கே போனாள். இந்த முறை தோழி சபீனே குடும்பத்தோடு. தனக்கென்று புத்தம் புதுப் பாஸ்போர்ட். ஊதா நிற உறை தைத்து அதில் வைத்திருந்தாள். கிளம்பும்போது கையேட்டைக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். அவளுக்கு அது எல்லாம் மனப்பாடம்.

பத்து நாள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. ஜெர்மனில் நான்கு வரி. தங்கம் அலசினாளாம். முதுகு வலித்ததாம். அட்டையின் மூலையில் கண்ணாடி ஒட்டுத்தாளுக்கு அடியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மினுக்கம். கடைசி வரி இது: "பாலத்தில் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன் அப்பா. யாரும் கேட்கவில்லை."

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். அவள் என்னைக் குத்திக் காட்டுவதற்காக எழுதியதில்லை அது. அவளுக்கு ஏமாற்றம். கேட்டிருந்தால் காட்டியிருப்பாளே. சோதனைக் கூடத்துக்கு அட்டையைக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். தங்கம்தான். ஒட்டுத்தாளைப் பிரித்தால் அதோடு வந்துவிடும் போலிருந்ததால் பிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் வீட்டில் இருப்பது குறைவு. கோபமும் இல்லை, விலகலும் இல்லை. கதவைத் திறந்து, "போய்விட்டு வருகிறேன் அப்பா" என்பாள் ஜெர்மனில். நான் சரி என்பேன்.

கார் விற்ற சனிக்கிழமைக்கு மறுநாள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் பாஸ்போர்ட்டுக்குக் காலம் முடிகிறது, புதிதாக எடுக்க வேண்டும். படிவம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கோட்டுப் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். 'செல்ல விரும்பும் நாடுகள்' என்ற இடத்தில் முதல் பெயராக ஃபின்லாந்து என்று எழுதினேன். அப்புறம்தான் ஜெர்மனி, மற்றதெல்லாம்.

அடுத்த பக்கம், 'உடன் சேர்க்க வேண்டிய பிள்ளைகள்'. எழுதிக்கொண்டு போன வேகத்தில், பழக்க தோஷத்தில், மாலா என்று எழுதி, பிறந்த தேதியையும் எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. சுரண்டி அழித்தால் படிவம் செல்லாது. அதனால் அடிமட்டத்தை வைத்து அவள் பெயரின்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன்.

அடித்த இடத்துக்குப் பக்கத்தில் விண்ணப்பதாரர் சுருக்கொப்பம் இடவேண்டும் என்று கீழே அச்சடித்திருந்தது. இட்டேன்.